இ20 பெட்ரோல்: பைக்கில் எப்படிப் பயன்படுத்துவது? கேனில் எத்தனை நாள் வைக்கலாம்?

தோட்டத்துக்குப் போக, சொசைட்டியில் பால் ஊற்ற, சந்தைக்குக் காய்கறி மூட்டை கொண்டுபோக, உரக்கடைக்குப் போய் வர என்று விவசாயக் குடும்பத்தில் இருசக்கர வாகனம் இல்லாமல் ஒரு நாளும் நகராது. அந்த வண்டிக்கு இப்போது பங்கில் போடும் பெட்ரோல், சில ஆண்டுகளுக்கு முன்பு போட்ட பெட்ரோல் இல்லை. ஒரு லிட்டரில் 200 மி.லி. வரை எத்தனால் கலந்திருக்கிறது. இதைத்தான் இ20 பெட்ரோல் என்கிறார்கள்.

இது வந்த பிறகு, "மைலேஜ் குறைந்துவிட்டது", "மழை பெய்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை", "டேங்கில் தண்ணீர் நிற்கிறது என்று மெக்கானிக் சொல்கிறார்" என்ற பேச்சுகள் ஊருக்கு ஊர் கேட்கின்றன. இவற்றில் சில உண்மை, சில வதந்தி. விவசாயிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பெட்ரோலுக்கு ஆகாதவை இரண்டு. ஒன்று தண்ணீர், மற்றொன்று நாள்கணக்கில் பயன்படுத்தாமல் கிடப்பது. இந்த இரண்டையும் தவிர்த்தால் பெரும்பாலான தொல்லைகள் வராது. அதற்கான வழிமுறைகளை இங்கே பார்க்கலாம்.

எத்தனால் எங்கிருந்து வருகிறது?

எத்தனால் என்பது ஒருவகை ஆல்கஹால். கரும்புச் சாறு, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு (மொலாசஸ்), மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றை நொதிக்கவைத்து, காய்ச்சி வடித்து எடுக்கிறார்கள். அதில் உள்ள நீரை முழுவதுமாக நீக்கிய பிறகே பெட்ரோலில் கலக்கிறார்கள். ஆக, நம் வயலில் விளையும் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு.

மத்திய அரசு 2003-ல் இந்தக் கலப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2013-14-ல் கலப்பு அளவு சுமார் 1.5 சதவீதம்தான். 2022 ஜூன் மாதம் நாடு முழுவதும் சராசரியாக 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்தது. 2025-ல் அதுவே பொதுவான பெட்ரோல் ஆகிவிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க உத்தரவிட வேண்டும் என்று தொடரப்பட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. எனவே, கிடைக்கிற பெட்ரோலுக்கு ஏற்ப வண்டியைப் பராமரித்துக்கொள்வதே நமக்குள்ள வழி.

உங்கள் வண்டி எந்த வகை?

முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, வண்டி தயாரிக்கப்பட்ட மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். பிறகு, வண்டியுடன் கொடுத்த கையேட்டிலும், டேங்க் மூடியின் அருகில் உள்ள ஸ்டிக்கரிலும் இ5, இ10, இ20 என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

1. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகள்: இவற்றின் டியூப், வாஷர், பம்ப் போன்ற பாகங்கள் 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் பொருள்களால் செய்யப்பட்டவை. கவலைப்பட வேண்டியதில்லை. தண்ணீர் புகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

2. 2020 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை தயாரான பி.எஸ்.6 வண்டிகள்: பெரும்பாலும் இன்ஜெக்ஷன் முறையில் ஓடுபவை. எரிபொருளுக்கு ஏற்ப ஓரளவு தானாகவே சரிசெய்துகொள்ளும். ஆனாலும், கையேட்டில் இ10 என்று மட்டும் இருந்தால், சர்வீஸ் விடும்போது ரப்பர் பாகங்களைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

3. 2020-க்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகள்: கிராமங்களில் அதிகம் ஓடுபவை இவைதான். ஓடுவதில் தடை இல்லை. ஆனால் டியூப், வாஷர், கார்புரேட்டர் மூன்றையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

4. ஆயில் கலந்து ஓட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள்: இவற்றுக்குத்தான் அதிகக் கவனம் தேவை. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

மைலேஜ் உண்மையில் எவ்வளவு குறையும்?

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் மைலேஜ் கொஞ்சம் குறைவது இயல்பு. சாதாரணப் பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்த இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

இதைக் கணக்காகப் பாருங்கள். லிட்டருக்கு 60 கி.மீ. கொடுத்த வண்டி என்றால், 4 சதவீதம் குறைந்தால் ஏறத்தாழ 57.5 கி.மீ. கொடுக்கும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு முன்பு சுமார் 16.7 லிட்டர் செலவாகியிருக்கும். இப்போது 17.4 லிட்டர் ஆகும். மாதத்துக்குக் கூடுதலாக முக்கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 70 ரூபாய் கூடுதல் செலவு.

ஆனால் 60 கொடுத்த வண்டி 45-தான் கொடுக்கிறது என்றால் அதற்கு எத்தனால் மட்டுமே காரணமாக இருக்காது. டயரில் காற்றுக் குறைவு, புழுதி அடைத்த ஏர் ஃபில்டர், இறுகிப்போன செயின், விடாமல் பிடிக்கும் பிரேக், அடைபட்ட கார்புரேட்டர், கசியும் டியூப் ஆகியவற்றைப் பாருங்கள். மண்பாதையில் ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துவிடும். கையேட்டில் சொன்ன நாளுக்கு முன்பே அதைச் சுத்தம் செய்ய வேண்டும்.

மைலேஜைச் சரியாக அளக்க, டேங்கை நிரப்பி மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 200 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டிவிட்டு, மீண்டும் அதே அளவுக்கு நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் சரியான மைலேஜ் கிடைத்துவிடும். "100 ரூபாய்க்குப் போட்டேன், சீக்கிரம் தீர்ந்துவிட்டது" என்ற கணக்கு ஏமாற்றும்.

தண்ணீர் சேர்ந்தால் என்ன ஆகும்?

எத்தனால் இல்லாத பெட்ரோலில் தண்ணீர் கலக்காது. சில துளிகள் விழுந்தாலும் டேங்கின் அடியில் தனியாகக் கிடக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் அப்படி இல்லை. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் ஒட்டுதல் அதிகம். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் அதைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அந்த அளவு வரை வண்டி வழக்கம்போல ஓடும்.

ஆனால் கரைத்துக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. 10 சதவீதக் கலப்பாக இருந்தால், 15 டிகிரி வெப்பநிலையில் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மி.லி. தண்ணீர் வரை தாங்கும். எத்தனால் கூடினால் இந்த அளவும் ஓரளவு கூடும். எல்லை தாண்டியதும், கலந்திருந்த எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். மேலே எத்தனால் இழந்த பெட்ரோல், கீழே எத்தனாலும் தண்ணீரும் என இரண்டு அடுக்காகிவிடும். டேங்கில் 2 லிட்டர்தான் இருக்கிறது என்றால், தண்ணீர் பாட்டில் மூடியால் நாலைந்து மூடி தண்ணீர் புகுந்தாலே இப்படிப் பிரிய வாய்ப்பு உண்டு. பெட்ரோல் குளிரக் குளிரத் தண்ணீரைத் தாங்கும் அளவும் குறையும். மாலையில் நன்றாக ஓடிய வண்டி, மழை பெய்து குளிர்ந்த அதிகாலையில் பால் கேனை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது மக்கர் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பெட்ரோல் காக் உள்ள வண்டியில் 'ஆன்' நிலையில் பெட்ரோல் சற்று உயரத்தில் இருந்து இறங்கும். 'ரிசர்வ்' நிலையில் அடியில் இருந்து இறங்கும். ரிசர்வுக்குத் திருப்பியதும் வண்டி இழுக்காமல் நின்றுவிட்டால், அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். இன்ஜெக்ஷன் வண்டிகளில் பம்ப் டேங்கின் அடிப்பகுதியிலேயே இருப்பதால், பிரிந்த தண்ணீர் முதலில் பம்புக்குத்தான் போகும். அடியில் தேங்கும் இந்தத் தண்ணீரால் டேங்கின் உட்புறம் துருப்பிடிக்கும். அந்தத் துரு ஃபில்டரையும் ஜெட்டையும் அடைக்கும்.

தண்ணீர் எந்த வழியாகப் புகுகிறது?

"காற்றில் உள்ள ஈரத்தை எத்தனால் உறிஞ்சிவிடும், அதனால்தான் டேங்கில் தண்ணீர்" என்று பலர் சொல்கிறார்கள். ஈரத்தை உறிஞ்சுவது உண்மைதான். ஆனால் மூடிய டேங்கில் அது மிக மெதுவாக நடக்கும். தினமும் ஓடும் வண்டியில் அதற்கு நேரமே இருக்காது. தண்ணீர் பெரும்பாலும் புகுவது கீழ்க்கண்ட வழிகளில்தான்.

• டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்து அல்லது தட்டையாகிப் போயிருப்பது. வரப்பில் நிறுத்திய வண்டி ஒரு மணி நேரம் மழையில் நனைந்தாலே தண்ணீர் இறங்கிவிடும்.

• டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் விழும் மழைநீர் வெளியேற, பல வண்டிகளில் ஒரு சிறு துளையும் டியூபும் இருக்கும். மண்ணும் தூசியும் அதை அடைத்துவிட்டால், தண்ணீர் அங்கேயே நின்று, மூடியைத் திறக்கும்போது உள்ளே கொட்டும்.

• மோட்டார் பம்ப்செட் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி வண்டி கழுவுவது. டேங்க் மூடியின் மீதும், சாவித் துளையின் மீதும் நேராக அடிக்கக் கூடாது.

• மழையில் நின்றபடி பெட்ரோல் ஊற்றுவது, ஈரமான புனல், கழுவிக் காயாத கேன்.

• பாதி டேங்கில் பல வாரங்கள் நிறுத்திவைப்பது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வருவதால் உட்புறக் காற்றில் உள்ள ஈரம் டேங்கின் சுவரில் வியர்த்து இறங்கும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசி மாதத்திலேயே டேங்க் மூடி வாஷரை மாற்றி, வடிகால் துளையை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்துவிடுங்கள். வெளியில் நிறுத்தும்போது சீட்டோடு டேங்கையும் சேர்த்து மூடும்படி தார்ப்பாய் போடுங்கள். சாக்கைப் போட்டு மூடினால் அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், வேண்டாம்.

தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

இன்ஜின் ஆறிய பிறகு, திறந்த வெளியில், அருகில் பீடி, அடுப்பு, செல்போன் பேச்சு எதுவும் இல்லாத இடத்தில் இதைச் செய்யுங்கள். காக்கை ரிசர்வில் வைத்து, டியூபைக் கழற்றி, சுத்தமான உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் லிட்டர் அளவு பிடியுங்கள். 15 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். முழுவதும் ஒரே நிறத்தில் தெளிவாக இருந்தால் நல்ல பெட்ரோல். அடியில் தனி அடுக்கு தெரிந்தாலோ, கலங்கலாக இருந்தாலோ தண்ணீர் சேர்ந்திருக்கிறது. இன்ஜெக்ஷன் வண்டியில் நீங்களே கழற்ற வேண்டாம். டியூபில் அழுத்தம் இருக்கும், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பிரிந்துவிட்டது என்று தெரிந்தால் குலுக்கிக் கலந்து ஓட்டக் கூடாது. புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கவும் பார்க்க வேண்டாம். டேங்க், கார்புரேட்டர் கிண்ணம் இரண்டையும் முழுவதுமாக வடித்து, உலரவைத்து, புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். கடையில் விற்கும் எந்த மருந்தும் பிரிந்த பெட்ரோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. வடித்ததைக் கிணற்றோரமோ, வாய்க்காலிலோ, வயலிலோ கொட்டாதீர்கள். குப்பை எரிக்கவும் பயன்படுத்தாதீர்கள். அடியில் பிரிந்த அடுக்கும் தீப்பிடிக்கும், பகல் வெளிச்சத்தில் அதன் தீச்சுடர் மங்கலாகத்தான் தெரியும். ஒர்க்‌ஷாப்பிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.

பழைய வண்டியில் எந்தப் பாகங்களைக் கவனிக்க வேண்டும்?

எத்தனால், பழைய வகை ரப்பரையும் கார்க் வாஷரையும் ஊறவைத்து உப்பச் செய்யும், பிறகு வெடிக்கச் செய்யும். தண்ணீரும் சேர்ந்தால் பித்தளை, துத்தநாகக் கலவைப் பாகங்களில் வெள்ளை அல்லது பச்சைப் படிவம் உண்டாகும். எனவே இவற்றைப் பாருங்கள்.

• டேங்கில் இருந்து கார்புரேட்டருக்கு வரும் டியூப்: விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு, பிசுபிசுப்பு, அளவுக்கு மீறிய மென்மை இருந்தால் மாற்றுங்கள். தண்ணீர் டியூபையோ, சொட்டுநீர்ப் பாசனக் குழாய்த் துண்டையோ மாட்டக் கூடாது. எத்தனால் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்குங்கள்.

• பெட்ரோல் காக்கின் வாஷர், கார்புரேட்டர் கிண்ணத்தின் வாஷர், ஓ ரிங், ஃப்ளோட் ஊசி: கசிவு இருந்தால் உடனே மாற்ற வேண்டும். சூடான இன்ஜின் மீது பெட்ரோல் சொட்டுவது தீ விபத்தில் முடியும்.

• ஃபில்டர்: எத்தனால் டேங்கில் பல ஆண்டாகப் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவரும். அதனால் முதலில் சில முறை ஃபில்டர் அடைக்கலாம். ஃபில்டரைச் சுத்தம் செய்வதே இதற்குத் தீர்வு, கழற்றி எறிவது அல்ல.

சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு ரப்பர் பாகங்கள் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கலாம், அது அதிகச் செலவில்லாதது என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமும் 2025 ஆகஸ்டில் கூறியிருக்கிறது. இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் டியூப், வாஷர் விலை மிகக் குறைவு.

கார்புரேட்டர் வண்டியில் இன்னொரு மாற்றமும் தெரியலாம். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய அளவில் காற்றைக் கலந்தால் எரிபொருள் குறைவான கலவையாகிவிடும். காலையில் சோக் அதிக நேரம் தேவைப்படுவது, ஆக்சிலேட்டர் முறுக்கும்போது தடுமாறுவது, மேடு ஏறும்போது இன்ஜின் சூடாவது ஆகியவை இதன் அறிகுறிகள். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் ஏர் ஸ்க்ரூவைச் சரிசெய்யச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஜெட்டையும் மாற்றுவார். ஸ்பார்க் பிளக் முனை வெள்ளையாக வெளுத்திருந்தால் கலவையில் எரிபொருள் குறைவு என்று பொருள். இளம் காப்பி நிறம் சரியானது.

வண்டியை நீண்ட நாள் நிறுத்தும்போது

அறுவடை முடிந்து வெளியூர் போகிறீர்கள், அல்லது மகன் வேலைக்குப் போய்விட்டதால் வண்டி வீட்டில் கிடக்கிறது. இந்த நிலையில்தான் இ20 அதிகத் தொல்லை தருகிறது.

இரண்டு வாரம் வரை: எதுவும் செய்ய வேண்டாம். மழை படாமல் நிறுத்தினால் போதும்.

ஒரு மாதம் வரை: டேங்கை நிரப்பி வையுங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் குறையும், துருவும் பிடிக்காது. வாரம் ஒரு முறை 10 முதல் 15 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் அணைப்பதால் பயனில்லை.

அதற்கும் மேல், கார்புரேட்டர் வண்டி: டேங்க் நிரம்பியிருக்கட்டும். காக்கை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். கிண்ணத்தில் தங்கும் பெட்ரோல்தான் காய்ந்து பிசினாகி ஜெட்டை அடைக்கிறது.

அதற்கும் மேல், இன்ஜெக்ஷன் வண்டி: டேங்கை வற்றவிடாதீர்கள். அந்த வண்டியின் பம்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். டேங்கை நிரப்பி, யாராவது வாரம் ஒரு முறை ஓட்டும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

கேனில் சேமிக்கலாமா?

பங்க் தொலைவில் இருப்பதால், வீட்டில் ஐந்து, பத்து லிட்டர் வாங்கி வைக்கும் வழக்கம் பல கிராமங்களில் இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1934-ம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்தத் தேவைக்கு மொத்தம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். இறுக மூடிய உலோகம், கண்ணாடி, அல்லது பீங்கான் வகைப் பாத்திரத்தில்தான் வைக்க வேண்டும். உலோகக் கேன் 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. கண்ணாடி, பீங்கான் என்றால் 1 லிட்டர்தான். தண்ணீர் பாட்டிலும் குளிர்பான பாட்டிலும் இந்தப் பட்டியலில் இல்லை. எனவே பிளாஸ்டிக் பாட்டிலில் தர மறுக்கும் பங்க் ஊழியரிடம் சண்டை போடாதீர்கள்.

சேமிக்கும்போது பின்பற்ற வேண்டியவை:

• ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவு மட்டும் வாங்குங்கள். கேன் மீது வாங்கிய தேதியைச் சாக்பீஸாலோ பெயின்டாலோ எழுதுங்கள். பழையதை முதலில் பயன்படுத்துங்கள்.

• துருப்பிடிக்காத, உட்புறம் முழுவதும் உலர்ந்த கேனாக இருக்க வேண்டும். மூடியில் வாஷர் இருக்க வேண்டும். மூடியில் துளைபோட்டுத் துணி அடைத்த கேனில் ஆவியும் வெளியேறும், ஈரமும் உள்ளே போகும்.

• சூடானால் பெட்ரோல் விரிவடையும். கழுத்து வரை நிரப்பாமல், மேலே சிறிது இடம் விடுங்கள்.

• பங்கில் கேனைத் தரையில் வைத்து நிரப்புங்கள். பைக் சீட்டின் மீது வைத்து நிரப்பினால் நிலைமின் பொறியால் தீப்பிடிக்கலாம்.

• நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள். வைக்கோல் போர், சமையலறை, சாமி விளக்கு, மோட்டார் ஸ்டார்ட்டர், பேட்டரி ஆகியவற்றில் இருந்து தள்ளி இருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து தொலைவில் உள்ள நெருப்பையும் தொட்டுவிடும்.

• உரம், பூச்சிமருந்து வைக்கும் அறையில் வைக்க வேண்டாம்.

• குழந்தைகளுக்கு எட்டாத இடமாக இருக்கட்டும். டியூபில் வாய்வைத்து உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

• தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ பரவும். அதே இடத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் வைத்திருங்கள்.

துணியில் வடிகட்டி ஊற்றினால் தூசிதான் நிற்கும். கரைந்த தண்ணீர் துணியில் நிற்காது. இதை நம்பிப் பழைய பெட்ரோலை ஊற்ற வேண்டாம்.

பவர் ஸ்பிரேயர், புல்வெட்டிக்கும் இதே பெட்ரோல்தான்

பைக்குக்கு வாங்கிய கேனில் இருந்தே பவர் ஸ்பிரேயருக்கும், தோளில் மாட்டும் புல்வெட்டிக்கும் ஊற்றுகிறோம். இவற்றில் பல ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் இயந்திரங்கள். இதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. தண்ணீர் சேர்ந்து பிரிந்தால், ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு தங்கிவிடும். அடியில் போகும் எத்தனால்-தண்ணீர் அடுக்கில் ஆயில் இருக்காது. அதை இழுக்கும் இன்ஜினில் மசகு இல்லாமல் பிஸ்டன் பிடித்துவிடும். ஆயில் கலந்து ஓட்டும் பழைய மொபெட்டுக்கும் இதே கதைதான்.

ஸ்பிரேயரில் மருந்துத் தண்ணீர் ஊற்றும் வாயும் பெட்ரோல் ஊற்றும் மூடியும் ஒரே இயந்திரத்தில் இருப்பதால் தண்ணீர் புகுவது எளிது. முதலில் பெட்ரோலை ஊற்றி மூடியை இறுக்கிவிட்டு, பிறகு மருந்துத் தண்ணீரை ஊற்றுங்கள். இரண்டுக்கும் தனித்தனிப் புனல் வையுங்கள். கையேட்டில் சொன்ன விகிதத்தில், அன்றைய வேலைக்குத் தேவையான அளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள். போன பட்டத்தில் மீந்த கலவையை இந்தப் பட்டத்துக்கு ஊற்றாதீர்கள்.

பங்கில் உங்கள் உரிமை

தரத்தில் சந்தேகம் இருந்தால் ஃபில்டர் பேப்பர் சோதனை செய்துகாட்டச் சொல்லலாம். அடர்த்தியை அளந்து, பதிவேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடச் சொல்லலாம். அளவில் சந்தேகம் என்றால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் போட்ட உடனே வண்டி நின்று, வடித்துப் பார்த்தால் தண்ணீர் இருக்கிறது என்றால் அந்த ரசீதுதான் உங்கள் கையில் உள்ள ஆதாரம். கனமழையில் வெள்ளம் சூழ்ந்த பங்கில், நீர் வடிந்த முதல் ஓரிரு நாட்கள் பெட்ரோல் போடுவதைத் தவிர்ப்பது நல்லது.

அதே நேரம், பாட்டிலில் பெட்ரோலோடு தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, "பாருங்கள், அடியில் இவ்வளவு தண்ணீர்" என்று காட்டும் வீடியோக்களை நம்பி முடிவுக்கு வராதீர்கள். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோலில் உள்ள எத்தனாலும் இறங்கி அதோடு சேர்ந்துகொள்ளும். அதனால் அடி அடுக்கு நாம் ஊற்றிய தண்ணீரைவிடக் கூடுதலாகத் தெரியும். அது எத்தனால் இருப்பதைத்தான் காட்டுகிறது. கலப்படத்துக்கு அது சாட்சி ஆகாது.

சில வதந்திகள்

"கரும்பிலிருந்து வருவதால் டேங்கில் சர்க்கரை படியும், எறும்பு வரும்." நொதித்து, காய்ச்சி வடித்த எத்தனாலில் சர்க்கரை இருக்காது.

"இ10, இ20 இரண்டையும் கலக்கக் கூடாது." கலந்தால் எந்தக் கெடுதலும் இல்லை.

"விலை அதிகமான பெட்ரோலில் எத்தனால் இருக்காது." பெயரையும் விலையையும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பங்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"மண்ணெண்ணெய் கலந்தால் சரியாகிவிடும்." இன்ஜினில் கரி படிந்து புகை கக்கும். நாமே செய்யும் கலப்படம் அது.

"இ20 போட்டால் இன்சூரன்ஸ் செல்லாது." இது தவறு என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் அளித்திருக்கிறது.

நினைவில் வைக்க வேண்டியவை

• மழைக்காலத்துக்கு முன் டேங்க் மூடி வாஷரை மாற்றுங்கள், வடிகால் துளையைச் சுத்தம் செய்யுங்கள்.
• டேங்கை அடிக்கடி ரிசர்வுக்கு இறங்கவிடாமல், பாதிக்கு மேல் வைத்திருங்கள்.
• பழைய வண்டியின் பெட்ரோல் டியூபை ஒவ்வொரு சர்வீஸிலும் மடக்கிப் பாருங்கள்.
• ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தினால் கார்புரேட்டரை வடித்து வையுங்கள்.
• கேன் உலோகமாக, உலர்ந்ததாக, தேதி எழுதியதாக இருக்கட்டும்.
• ஸ்பிரேயர் கலவையை அன்றன்றைக்குக் கலந்து அன்றன்றைக்குத் தீருங்கள்.

விதைநெல்லை ஈரம் படாமல் காப்பாற்றத் தெரிந்த நமக்கு இது புதிய பாடம் இல்லை. விதைநெல்லை அடுத்த பட்டம் வரை வைக்கலாம், இ20 பெட்ரோலை அப்படி வைக்க முடியாது. தேவைக்கு வாங்கி, உலர்வாக வைத்து, சீக்கிரம் செலவழித்துவிடுங்கள்.